யன்னலடிக் கணினி

எங்கள் வீட்டுக் கணினி அசையாமல் நின்றுபோகும்போதெல்லாம் நான் திரையைப் பார்ப்பதில்லை. மனைவியின் கையைத்தான் பார்ப்பேன். அந்தக் கை மவுஸை இப்படியும் அப்படியும் இழுக்கும். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தி, மறுபடி போடும். அதற்கும் சரிவராவிட்டால் தொலைபேசியை எடுக்கும். யாருக்கு என்று நான் கேட்கத் தேவையில்லை.

"அத்தான், திரும்பவும் நிண்டிட்டுது," என்பாள்.

அந்த அத்தான் நானில்லை. எனக்கு அவள் வைத்த பெயர் "இஞ்சாருங்கோ". அத்தான் என்பது அவளுடைய மாமி மகன். உப்புவெளியில் கைத்தொலைபேசியும் கணினியும் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் இரண்டு வீட்டுக்காரரும் இவர்கள் இருவரையும் சேர்த்துக் கலியாணம் பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். அது ஏன் சரிவரவில்லை என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இப்போது அவன் இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். முன்மண்டையில் மயிர் இல்லை. இதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. மாமி மகன் என்றால் மாமி மகன்தான்.

அவனைக் கூப்பிட அவளுக்குக் காரணம் இல்லாமலில்லை. ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுக்கிறாள். கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலர். மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று ஒரு பெயரும் விடுபடாமல் அடித்து முடிக்கிற நேரம் பார்த்து அந்தச் சனியன் நின்றுவிடும். ஒரு பெயர் விடுபட்டால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழுந்த மாதிரிச் சண்டை வரும். நியாயம் எனக்கு விளங்கியது. வயிற்றெரிச்சல்தான் அடங்கவில்லை.

அவன் வந்தால் குசினியில் இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்கும். அவனுக்குப் பால் தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு துண்டு கேக். எனக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் எஞ்சின் வேலை செய்கிறவன். கப்பலை இழுத்துவந்து கட்டுவித்துவிட்டு, துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கிற வீட்டுக்கு ஏறிவந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது மேசையில் பிளேன்ரீ ஆவி பறந்துகொண்டிருக்கும். விடியவோ மத்தியானமோ, எந்த நேரம் வந்தாலும் இருக்கும். ஒருநாளும் ஆறிப்போய்க் கிடந்ததில்லை. அதில் பால் இல்லை என்பது மட்டும்தான் என் கண்ணுக்குப் பட்டது.

அவன் செய்கிற வேலையும் பெரிதல்ல. பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றுவான். உள்ளே செருகியிருக்கிற நினைவகப் பட்டையை இழுத்தெடுத்து, அதன் விளிம்பிலுள்ள பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்ப்பான். ஊதுவான், செருகுவான். கணினி ஓடும். பிறகு அவன் கணினி மேசையை ஒட்டியிருக்கிற யன்னலைக் காட்டி ஏதோ சொல்வான். அவள் தலையை ஆட்டி மறுப்பாள். இருவரும் சிரிப்பார்கள். நான் உள்ளே வந்தால் சிரிப்பு நின்றுவிடும். கொஞ்ச நாளில் கணினியும் நின்றுவிடும்.

நான் எஞ்சின்காரன். ஒழுங்காகத் திருத்திய ஒன்று ஏன் திரும்பத் திரும்பப் பழுதாக வேண்டும்? மறுபடி வருவதற்காகவே அவன் பிழையை உள்ளே விட்டுவிட்டுப் போகிறான் என்று முடிவுகட்டினேன். அவளிடம் சொல்லியும் பார்த்தேன். விசர்க்கதை கதைக்க வேண்டாம் என்றுவிட்டு வேலையைப் பார்த்தாள். அவனுக்காகக் கோபப்பட்டிருந்தால்கூட என்னால் கொஞ்சம் தாங்கியிருக்க முடியும்.

அடுத்த முறை நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அவள் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வந்து அத்தானுக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் திருப்புளியை எடுத்தேன்.

பெட்டியைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆணித் தலைகளில் துரு. காற்றாடியின் இதழ்களில் தூசியும் உப்பும் சேர்ந்து பசையாக ஒட்டியிருந்தது. இந்த நோயோடுதானே நான் தினமும் படகில் மல்லுக்கட்டுகிறேன். இதற்குப் போய் அழிறப்பரா? படகில் செய்வதையே செய்தேன். எல்லாவற்றையும் துணியால் துடைத்தேன். உப்புப் பிடிக்காமலிருக்க, இரும்பு தெரிந்த இடமெல்லாம் விரலால் மெல்லியதாகக் கிறீஸ் பூசினேன். காற்றாடிக்கும் பூசினேன். நினைவகப் பட்டையின் பொன்னிறப் பற்களுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகவே பூசிச் செருகினேன். இனி அவன் உப்புவெளியிலேயே இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

அவள் வந்து பொத்தானை அழுத்தினாள். திரையில் வெளிச்சமே வரவில்லை. பெட்டிதான் பீப் பீப் என்று கத்தியது. அடுத்த நாள் கொடுக்க வேண்டிய ஒரு நினைவு மலர் உள்ளே கிடந்தது. அவள் கிறீஸ் படிந்த என் விரல்களைப் பார்த்தாள், தொலைபேசியை எடுத்தாள்.

அவன் வந்தான். திறந்தான். ஒரு விரலால் தொட்டு மணந்து பார்த்தான். அவன் சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துப் பொறுமையாகத் துடைக்கத் தொடங்கினான். அவள் இஞ்சி தட்டப் போனாள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. உம்முடைய வேலை ஒழுங்கென்றால் இது ஏன் மாதத்துக்கு ஒரு தரம் நிற்கிறது என்று கேட்டேன்.

அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"முதல் நாளே சொன்னனான் அண்ணை. உப்புக்காத்து நேரா அடிக்குது, மேசையை உள்ளறைக்கு எடுங்கோ எண்டு. ஒவ்வொரு முறையும் சொல்லுறன். இவதான் ஏலாதெண்டுறா."

"ஏன் ஏலாதாம்?"

"உள்ளறையிலை இருந்தா உங்கட படகு வாறது தெரியாதாம். இதிலை இருந்தாத்தானாம், கண்டவுடனை எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கலாம்."

குசினியில் இஞ்சி தட்டுகிற சத்தம் நின்றது. நான் அவளுடைய கதிரையில் போய் இருந்து யன்னலால் பார்த்தேன். இத்தனை காலம் இருந்த வீட்டில், அந்தக் கதிரையில் இருந்து நான் ஒருநாளும் வெளியே பார்த்ததில்லை. கடல்வாய் முழுதும் தெரிந்தது. நாங்கள் படகு கட்டுகிற இடமும் தெரிந்தது.

அவன் திருத்திக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அவளிடம் மெல்லக் கேட்டேன்.

"என்ர படகு வாறதைப் பாக்கத்தானோ மேசையை இஞ்சை போட்டனீர்?"

"ஆர் சொன்னது? வெளிச்சத்துக்குப் போட்டனான்," என்று திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

மேசை இன்றும் அங்கேதான் இருக்கிறது. சந்தியில் ஓர் அழிறப்பர் வாங்கி வைத்திருக்கிறேன். கணினி நிற்க முதலே மாதமொருமுறை நானே பட்டையைக் கழற்றித் தேய்த்துச் செருகிவிடுகிறேன். அவனைக் கூப்பிட வேண்டிய தேவை இல்லை. படகு உள்ளே திரும்பும்போது எஞ்சின் அறையை விட்டு மேலே ஏறி எங்கள் யன்னலையும் பார்க்கிறேன். அவள் எழும்புவது ஒரு நிழலாகத் தெரியும்.

நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைக்க வேண்டும். ஆனால் ஆவி பறக்கிற பிளேன்ரீயை வாயில் வைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது. என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்பதை அவனிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். என்னிடம் கேட்டால், இன்றைக்கும் வெளிச்சம் என்றுதான் சொல்கிறாள்.