தீனதயாளன் தோட்டா எந்திரம் பார்த்த எட்டு மாதம்

தீனதயாளன் ராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் ஒருநாளும் தறியில் உட்கார்ந்ததில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு நூல் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். நூலை அளந்து வெட்டி எடை போட்டு, அது நாற்பதாம் நம்பரா அறுபதாம் நம்பரா, எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகு சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு தெருவில் வீடு கட்டிக்கொண்டு மனைவியோடு இருந்தார்.

மில் மேனேஜர் ஒருவர்தான் அவரைத் துப்பாக்கி கிளப்புக்கு அழைத்துப் போனவர். பறந்து வரும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டு. வேடிக்கை பார்க்கப் போன தீனதயாளனுக்குக் கை நன்றாக வந்தது. லைசென்ஸ் எடுத்தார், இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வாங்கினார், பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனார். "தட்டு ஒடைக்கறதுக்கு இத்தன தூரம் போகோணுமா? எங்கிட்டச் சொன்னா ஊட்டுலயே நாலு பீங்கான் தட்டு எடுத்துத் தருவனல்லொ" என்பார் மனைவி தமிழ்ச்செல்வி. சொல்லிக்கொண்டே மதியச் சாப்பாட்டையும் கட்டிக் கொடுத்துவிடுவார்.

மாசி மாதம் தமிழ்ச்செல்விக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

தீனதயாளன் அழவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். காரியத்தன்று வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றார். யாருக்கு டீ வரவில்லை என்று பார்த்துக் கொடுத்தார். "மனசு தைரியமுங்க அவருக்கு" என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். தைரியம் என்று ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு. தொடுவது தெரிந்தது. தொடப்படுவது தன் உதடுதான் என்று தெரியவில்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்த நாள்களில் அதைச் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போதுகூட அவருக்கு உறைக்கவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மோனிஷா தினமும் சாயங்காலம் போன் செய்தாள். "சாப்பிட்டீங்களாப்பா?" "ஆச்சு." "தூங்குனீங்களா?" "ஆச்சு." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வளராது.

சித்திரையில் ஜெயபிரகாஷ் வந்தார். ஓமலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி, கிளப்பில் கூடச் சுடுகிறவர். நண்பர் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, தோட்டாவ நாமளே ஊட்டுல நெரப்பிக்கலாமுங்களாமா. பர்மிசன் மட்டும் தனியா வாங்கோணும். சுட்டுப்போட்ட கூட்டுக்குள்ள மறுக்கா மருந்தும் ஈயமும் போட்டு மூடறதுதானுங்க. அளவு பெசகக் கூடாது. அந்த வேலைக்கு உங்க கையாட்டம் இந்த ஜில்லாவுல வேற கை கெடையாது. மொதல்ல எந்த மிசினு நல்லதுன்னு பாருங்க."

ஏதாவது வேலை கொடுத்தால் ஆள் தேறிவிடுவார் என்பதுதான் ஜெயபிரகாஷின் எண்ணம். அதில் தப்பில்லை. தீனதயாளனும் சரி என்றார். மாட்டேன் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டியிருந்ததே.

மறுநாள் காலை ஒரு நீளமான நோட்டை எடுத்துக் கோடு போட்டார். வெளிநாட்டுக் கம்பெனிகளின் விவரப் புத்தகங்களைப் பிரிண்ட் எடுத்து வரவழைத்தார். வீடியோ பார்த்தார். காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் பகல் ஒன்று வரை எழ மாட்டார். மில்லில் இருந்த அதே நேரம், அதே உட்காரல்.

தோட்டா நிரப்பும் பிரஸ் இரண்டு வகை. ஒன்றில், கைப்பிடியை இழுக்க இழுக்க அடித்தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் காலிக் கூடு உள்ளே போனால் மறுபக்கம் முழுத் தோட்டா வந்து விழும். இன்னொன்று பழைய மாதிரி. ஒரு இழுப்புக்கு ஒரு வேலைதான். நூறு தோட்டா வேண்டுமென்றால் நூறு கூட்டையும் முதலில் சரி செய்து, பிறகு நூறுக்கும் மருந்து போட்டு, பிறகு நூறையும் மூட வேண்டும்.

ஜெயபிரகாஷ் முதல் வகைக்குத்தான் ஆசைப்பட்டார். "அதுன்னா சடுதியா ஆகுமுங்க."

"ஒரு தோட்டாவுல மருந்து விழாமப் போனா அதுல தெரியாதுங்க" என்றார் தீனதயாளன். "மில்லுல தானா ஓடற மிசினு வந்தப்ப இதேதான் ஆச்சு. ஒரு தப்பு நொழஞ்சுதுன்னா, நாம பாக்கறதுக்குள்ள ஆயிரம் மீட்டர் ஓடியிருக்கும். ஒவ்வொண்ணா செஞ்சா ஒவ்வொண்ணையும் கண்ணுல பாத்தாகோணும்."

"அதுக்கு நாள் முச்சூடும் ஆகுமேங்க."

"ஆகட்டுமுங்க. நாள் இருக்குது."

பழைய மாதிரி என்றே முடிவானது.

தராசு பார்க்கத் தீனதயாளன் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார். வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குத் தராசு விற்கும் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் முருகானந்தம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த எலெக்ட்ரானிக் தராசு ஒன்றை எடுத்து வைத்தார்.

"என்ன நிறுக்கோணுமுங்க?"

"மருந்து."

"சித்த வைத்தியருங்களா?" என்று முருகானந்தத்தின் குரலில் மரியாதை ஏறியது. "எனக்கு இந்த முட்டி வலிங்க, மாடிப்படி ஏற முடியறதில்ல."

தீனதயாளன் திருத்தவில்லை. அவர் முட்டி வலியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு தோளில் கிடந்த துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, ஒரு சாண் அளந்து கிள்ளி, தராசில் சுருட்டி வைத்தார். ஆறு மில்லிகிராம் என்று காட்டியது. பிறகு ஏழு. மறுபடி ஆறு. "இருபதாம் நம்பர் நூல். ஆறரை வரோணும்" என்றார். மேலே ஓடிய மின்விசிறியை நிறுத்தச் சொல்லி மறுபடி வைத்தார். அப்போதும் எண் நிற்கவில்லை. கடைசியில் பின் அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஒரு கோல்தராசை, நீளக் கோலில் எடையை நகர்த்தி நிறுக்கிற பழைய தராசை, எடுத்துத் தரச் சொன்னார். நுணுக்கம் கொஞ்சம் குறைவு. ஆனால் ஒரே பொருளுக்கு ஒரே எடை சொன்னது. அரை மணி நேரம் அதோடு இருந்தார். அந்த எட்டு மாதத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்த நேரம் அது ஒன்றுதான். வெளியே வந்து டவுன் பஸ்ஸில் ஏறியதும் அதுவும் போய்விட்டது.

வீட்டின் பின்னறையைக் காலி செய்தார். தமிழ்ச்செல்வியின் தையல் மெஷினைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஒரு கனமான மர மேஜையைப் போட்டார். மருந்து வைக்கத் தனி மரப்பெட்டி, ஈயத்துக்குத் தனி அலமாரி, சமையல்கட்டிலிருந்து இத்தனை அடி தூரம் என்று வரைபடம் போட்டு விண்ணப்பத்தோடு கொடுத்தார். விண்ணப்பம் கலெக்டர் ஆபீஸிலிருந்து இறங்கி, கார்த்திகையில் ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வந்தது.

விசாரிக்க வந்தவர் ஏட்டு சென்றாயன். ஐம்பது வயது, நிதானமான மனிதர். பின்னறையைப் பார்த்தார், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார், துப்பாக்கி இருந்த இரும்புப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பேனாவைத் திறந்தார்.

"வீட்ல யார் யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான் மட்டுமுங்க."

"சம்சாரம்?"

"மாசியில இறந்துட்டாங்க."

சென்றாயன் எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். மேஜை, அடுக்கி வைத்த பிரிண்ட்கள், அளவு நோட்டு, கூடத்துச் சுவரோரம் மூடியபடி கிடந்த தையல் மெஷின் எல்லாவற்றையும் இன்னொரு முறை பார்த்தார்.

"பிள்ளைங்க இருக்காங்களா? நம்பர் குடுங்க. குடும்பத்துல ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுத்தான் நான் எழுதுவேன்."

மோனிஷாவுக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு அவள் தன் காரில் வந்து வாசலில் நின்றாள். ஒரு தோள்பை மட்டும். அப்பாவைப் பார்த்தாள், இளைத்திருந்தார். காபி வேண்டாம் என்றாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நூற்றுப்பத்துப் பக்கம். கைப்பிடியின் நீளம், பிரஸ்ஸின் எடை, எந்தத் திருகு எந்த உலோகம், எல்லாம் அப்பாவின் உருண்டைக் கையெழுத்தில்.

"இது எதுக்குங்கப்பா?"

"பிராக்டீசுக்கு. கடைத் தோட்டா பத்தறதில்ல."

"அம்மா போனதுக்கப்புறம் எத்தன தடவ கிளப்புக்குப் போனீங்க?"

தீனதயாளன் யோசித்தார். அவருக்கே வியப்பாக இருந்தது. "போகல" என்றார்.

"ஒரு தடவகூடவா?"

"இல்ல."

"துப்பாக்கியத் தொடைக்கவாவது வெளிய எடுத்தீங்களா?"

"இல்ல சாமி."

மோனிஷா நோட்டை மூடினாள். தெருவில் யாரோ ஆட்டோவை ஸ்டார்ட் செய்ய முயன்று முயன்று விட்டுவிட்டார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகு அவள் கேட்டாள்.

"ஒம்பது மாசமா சுடப் போகாதவருக்குத் தோட்டா எதுக்குங்கப்பா? யாரைச் சுடறதுக்கு?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டிருப்பாள். தீனதயாளன் வாயைத் திறந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள், தெரியாத எடையை ஊகித்து எழுதாமல் பழகிய மனிதர். அந்தப் பழக்கம்தான் பேசியது.

"தெரியல சாமி" என்றார். "அப்பிடியொண்ணும் நெனைக்கல. நெனைக்கலைன்னும் உறுதியாச் சொல்லத் தெரியல. எனக்கு எதுவுமே தெரிய மாட்டேங்குது."

மோனிஷா இடது கையை மேஜைமேல் நீட்டினாள்.

"பெட்டிச் சாவியக் குடுங்க."

அவர் இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். கொடுக்கும்போது வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. கேட்டாள், கொடுத்தார்.

அன்று மதியமே கிளம்பினார்கள். மோனிஷா காரை ஓட்டினாள். உறையில் இருந்த துப்பாக்கி பின் சீட்டில் கிடந்தது. சேலத்தில் லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் பாதுகாப்புக்கு ஒப்படைத்து, மீந்திருந்த தோட்டாக்களையும் எண்ணிக் கொடுத்து ரசீது வாங்கினார்கள். "எத்தன நாளைக்குங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "சொல்றமுங்க" என்றாள் மோனிஷா. அங்கிருந்து நேராக மனநல டாக்டரிடம் போனார்கள். கூட்டம் இருந்தது. இரண்டு மணி நேரம் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாதி நேரம் மோனிஷா அவர் சட்டைக் கையைப் பிடித்தபடி இருந்தாள். சின்ன வயதில் சந்தைக்குள் அப்படிப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

டாக்டர் ஒரு பெண். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தீனதயாளன் உண்மையைச் சொன்னார். சொல்வது சிரமமாக இல்லை. வேறொருவரைப் பற்றிச் சொல்வது போல்தான் இருந்தது. டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். தனியாக விட வேண்டாம் என்று மோனிஷாவிடம் சொன்னார். மோனிஷா ஒரு மாதம் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தாள். அவள் போன பிறகு தமிழ்ச்செல்வியின் தங்கை குப்பாயி ராசிபுரத்திலிருந்து வந்து தங்கினார்.

விண்ணப்பத்தைத் தீனதயாளன் தானே போய்த் திரும்பப் பெற்றார். சென்றாயன் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜெயபிரகாஷ் விஷயம் கேட்டு ஓடி வந்தார். "நாந்தானுங்க கொண்டாந்து உட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குற்ற உணர்ச்சியில் அவருக்கு வார்த்தை தடுமாறியது. அவரைத் தேற்ற வேண்டிய வேலை தீனதயாளனுக்கு வந்தது. தோட்டா நிரப்பும் அனுமதியைத் தன் பெயரில் இல்லாமல் கிளப்பின் பெயரில் கேட்கலாம் என்று தீனதயாளன்தான் சொன்னார். கிளப் கேட்டது. அடுத்த ஆடியில் கிடைத்தது. ஒரு இழுப்புக்கு ஒரு வேலை செய்கிற, அவர் தேர்ந்தெடுத்த அதே பிரஸ் கிளப் அறையில் பொருத்தப்பட்டது. சாவி ஜெயபிரகாஷிடம். இரண்டு பேர் இல்லாமல் அந்த அறையைத் திறக்கக் கூடாது என்ற விதியைத் தீனதயாளன் தன் கையால் எழுதிக் கதவில் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் எடை போட்டுக் கொடுப்பார். துப்பாக்கியைக் கேட்கவில்லை. சுடும் சத்தம் வெளியே கேட்கும். நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

மரத்துப்போனது மாத்திரையில் கரைந்து ஓடிவிடவில்லை. சில வாரம் அப்படியே, சில வாரம் கொஞ்சம் பரவாயில்லை. குப்பாயி வைத்த ரசத்தில் புளி அதிகம் என்று ஒருநாள் சொன்னார். குப்பாயி கோபித்துக்கொண்டார்.

பிறகு புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளப்பிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தார். இறங்க வேண்டிய இடத்தை முன்னாலேயே கண்டக்டரிடம் சொல்லியிருந்தார். கண்டக்டர் விசில் அடிக்காமல் யாரிடமோ பேசிக்கொண்டே இருந்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்.

"நான் முன்னாடியே சொன்னனா இல்லையா?" என்றார் தீனதயாளன். அது இவ்வளவு பெரிய குரலாக வரும் என்று அவரே நினைக்கவில்லை. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "சொன்னனா இல்லையா? காதுல என்ன வெச்சிருந்த? வயசானவன் இந்த வெயில்ல திரும்ப நடக்கோணுமா?"

"உடுங்க பெரியவரே" என்றார் கண்டக்டர்.

"என்னத்த உடறது!"

பஸ் போய்விட்டது. தீனதயாளன் ரோட்டோரம் நின்றார். காது சுட்டது. வீடு வரை நடந்தார். நடக்க நடக்கவும் கோபம் ஆறவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றாமலே மோனிஷாவுக்குப் போன் போட்டார். அவராக அவளுக்குப் போன் செய்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"என்னங்கப்பா, என்னாச்சு?"

"ஒரு கண்டக்டரோட சண்ட போட்டுட்டேன்."

"நெசமாவா? என்னன்னு திட்டுனீங்க?"

சொன்னார். நடுவில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"மொதல்லருந்து இன்னொருக்காச் சொல்லுங்கப்பா" என்றாள்.

தீனதயாளன் வாசல்படியில் உட்கார்ந்து, பஸ் ஏறியதிலிருந்து தொடங்கி மறுபடி சொன்னார். இந்தத் தடவை, அங்கே சொல்ல விட்டுப்போன இரண்டு வசவுகளையும் சேர்த்துக்கொண்டார்.