சிவப்புக் கோட்டுக்குக் கீழே பரா அண்ணை

போன செவ்வாய்க்கிழமை காலை ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்தில் நான் நின்றபோது பரா அண்ணையின் அறைத்தோழன் ரவி அழைத்தான். "அண்ணை, எங்கட பரா அண்ணை மோசம் போயிட்டார். நித்திரையிலயே உயிர் போயிட்டுது." நான் ஏற வேண்டிய ரயில் வந்து போனது. செவன் ஹில்ஸில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், அவரிடமிருந்து கடிதம் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் படகில் வந்து, தற்காலிக விசாவில், குளிர்க்களஞ்சியத்தில் பெட்டி அடுக்கியவர் பரராசசிங்கம். பழைய சாமான் கடையில் எடுத்த ஒரு தடித்த புத்தகத்தை வைத்துத்தான் ஆங்கிலம் படித்தார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஒருவர் சிநேகிதர்களுக்கு எழுதிய கடிதங்கள் அவை. ஒரு நாள் அதைக் காட்டிச் சொன்னார்: "இந்த மனிசன் வாதத்தால கதிரையை விட்டு எழும்பேலாமல் இருந்துகொண்டு ஊரெல்லாம் நக்கலடிச்சு எழுதியிருக்கிறான். எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு, தம்பி. இந்த நாட்டை விட்டுத்தான் எழும்பேலாது."

அதன்பின் அடுத்த தெருவிலிருந்த எனக்கும் தபாலில் கடிதம் வரத் தொடங்கியது. "எங்கள் மேற்பார்வையாளர் இன்று சிரித்தார். காரணத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒன்றில் இருந்தது. அந்தக் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

அவருடைய விசாவில் சொந்த நாட்டுக்குப் போகவே முடியாது; வேறு நாட்டுக்கு என்றால் அனுமதி பெற்றுப் போகலாம். ஆகவே, அவர் வந்து நிற்கவேண்டும் என்பதற்காகவே ஊரிலிருந்த மகளின் கல்யாணத்தைத் திருச்சியில் வைத்தார்கள். போய்வரக் குடிவரவுத் திணைக்களத்திடம் அனுமதி கேட்டு அவரே ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தார். அதில் இப்படி எழுதியிருந்தார்: "நான் திரும்பி வருவேனா என்று சந்தேகப்படுகிறீர்கள். இத்தனை வருடங்களில் ஒரு தடவையாவது போகவிட்டிருந்தால், திரும்பி வந்து காட்டியிருப்பேனே!"

நான் இந்த நாட்டின் குடிமகன். படிவம் நிரப்புவதில் எனக்குப் பெரிய கெட்டித்தனம் என்ற நினைப்பு வேறு. "அண்ணை, பகிடி விட்டா நம்பமாட்டாங்கள். அழவேணும்" என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் அந்த வேடிக்கை வரிகளையெல்லாம் வெட்டினேன்.

"அழுறதுக்கு ஏன் தம்பி இங்கிலிசு? அது எனக்குத் தமிழிலயே வரும்" என்றார். ஆனாலும் நான் எழுதிக்கொடுத்த அழுகையில் கையெழுத்து வைத்தார்.

அனுமதி கிடைக்கவில்லை. மகளின் தாலிகட்டை வேலைத்தளச் சாப்பாட்டறையில், கையுறையைக் கழற்றாமல், கைபேசியில் பார்த்தார். பகிடி இருந்திருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா? தெரியாது. ஆனால் கதவு மூடியே இருக்கப்போகிறதென்றால், அவர் தன்னுடைய குரலிலாவது அதைத் தட்டியிருக்கலாம். அதை நான் கெடுத்துவிட்டேன். அவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது.

நேற்று அவருடைய உடலை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் படிவங்களையும் நானே நிரப்பினேன். திரும்பி வருவாரா என்ற கேள்வி அவற்றில் எங்குமே இல்லை.

புத்தகத்தைச் சவப்பெட்டியோடு மகளுக்கு அனுப்புகிறோம். வெட்டிய கடிதத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். என் சிவப்புக் கோடுகளுக்குக் கீழே அவருடைய எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது.