அருளப்பன் வீட்டு மன்றாட்டு

அருளப்பன் தன் மனைவி வியாகுலமேரியைக் கோபித்து ஒரு சொல் சொன்னதில்லை. அவருடைய அடக்கப் பூசையில் பங்குச் சாமியார் இதைச் சொன்னபோது கோயிலே தலையசைத்தது. உண்மைதான். அவர் கோபித்துக்கொண்டதெல்லாம் கடவுளிடம். அந்நேரம் வியாகுலமேரி பக்கத்தில் முழங்காலில் இருப்பாள், அவ்வளவுதான்.

கூடலூருக்கு இந்தப் பக்கம், பன்னீர் திராட்சைப் பந்தலை ஒட்டிய வீடு. கொடிக்கு மருந்தடித்துவிட்டு வந்து குளித்ததும் அருளப்பன் குடும்பத்தைக் கூட்டிச் செபமாலை சொல்வார். முடிவில் மன்றாட்டு. ஒருவர் தம் வேண்டுதலைச் சொன்னால், மற்றவர்கள் ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று பதில் சொல்ல வேண்டும். மற்ற வீடுகளில் மழைக்காகவும் நோயாளிகளுக்காகவும் மன்றாடுவார்கள். அருளப்பன் அவ்வளவு தூரம் போவதில்லை.

“நெத்திலிக் குழம்புல உப்பை அள்ளிக் கொட்டுறவுகளுக்கு நிதானத்தைத் தரணும்னு மன்றாடுவோம்.”

“கேட்டருளும்” என்பாள், கொட்டியவள்.

“போனைத் தடவியே விரல் தேஞ்சுபோன வாலிபர்களுக்காக மன்றாடுவோம்.”

மகன் அருண் ஜோசப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் “கேட்டருளும்” என்பான்.

ஒருமுறை உப்பு விஷயத்தில் வியாகுலமேரி வாயைத் திறக்கவில்லை. ஒரு வாய் குறைந்தாலும் மன்றாட்டு மேலே போகாது என்று தீர்ப்புச் சொல்லி, செபமாலையை முதல் மணியிலிருந்து மறுபடி உருட்ட வைத்தார் அருளப்பன். திருச்சபைச் சட்டத்தில் இப்படி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் இருந்தது.

அடுத்த வீட்டு மாயக்காளும் வந்துவிடுவாள். அவளுக்குக் குலசாமி வேறு. ஆனால் ஒரு குடும்பத்தின் நடப்பைத் தெரிந்துகொள்ள, சுவரில் காதை வைப்பதைவிடப் பாயில் உட்காருவது மரியாதை என்பது அவள் கொள்கை. பதில் சொல்வதில் அவள் குரல்தான் ஓங்கி நிற்கும்.

மகள் கிளாரா கைக்குழந்தையாக மஞ்சள்காமாலையில் கிடந்தபோது, பிழைத்தால் இவளைக் கன்னியர் மடத்துக்குத் தருகிறேன் என்று அருளப்பன் மாதாவுக்கு நேர்ந்திருந்தார். பிள்ளை பிழைத்தது. வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, சட்டம் படிக்கப் போகிறேன் என்றது. அதற்குள் மடத்தில் கொண்டுபோய் விட நாள் குறித்தாகிவிட்டது. அருளப்பன் மகளிடம் நேரில் ஒன்றும் பேசவில்லை. செபமாலை முடியக் காத்திருந்தார்.

“மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மறந்து, பொய் சொல்லிப் பிழைக்கிற படிப்புக்கு ஆசைப்படுற பிள்ளைகளுக்காக மன்றாடுவோம்.”

எல்லாரும் பதில் சொன்னார்கள். கிளாராவும் சொன்னாள், தெளிவாக. பிறகு, “நானும் ஒண்ணு சொல்லணும்” என்றாள். அந்த வீட்டில் பிள்ளைகள் மன்றாட்டுச் சொன்ன வழக்கமில்லை. கூடாது என்று அருளப்பன் சட்டம் போட மறந்திருந்தார்.

“தான் நேர்ந்த நேர்ச்சையை அடுத்தவுக தலையில இறக்காம, தானே நிறைவேத்துற பலத்தை அப்பாமார்களுக்குத் தரணும்னு மன்றாடுவோம்.”

வியாகுலமேரி இத்தனை வருட உப்பையும் சேர்த்து ராகமாகப் பதில் சொன்னாள். அருண் சொன்னான். மாயக்காள் ஓடு அதிரச் சொன்னாள். அருளப்பன் கையிலிருந்த செபமாலை மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, உங்க சத்தம் வரல” என்றாள் மாயக்காள். “முதல்லருந்தா? நான் அடுப்புல பாலை வச்சிட்டு வந்திருக்கேன்.”

“இதெல்லாம் ஒரு மன்றாட்டா?”

“உப்பு மன்றாட்டுன்னா இதுவும் மன்றாட்டுதேன்” என்றாள் வியாகுலமேரி.

கிளாரா சிலுவை அடையாளம் போட்டு முதல் மணியிலிருந்து தொடங்கினாள். முடித்தாள். அருளப்பன் பேசவில்லை. மறுபடி தொடங்கினாள். அந்தச் சுற்றில் அவரது மனதுக்கு முன்னால் முழங்கால் இளகியது. “கேட்டருளும்” என்றார். மாயக்காளின் பால் தீய்ந்துவிட்டது. அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

சொன்னால் சொன்னதுதான். மறுநாளே சாமியாரிடம் போனார். “சாமி, என் நேர்ச்சையை நானே நிறைவேத்தணும்.”

“அருளப்பன், உங்களைக் கன்னியர் மடத்துல எடுக்க மாட்டாகளே.”

“சிஸ்டரா எடுக்க வேணாம் சாமி. அங்கன ஒரு ஓரமா இருந்துக்கிடுறேன்.”

அன்றுமுதல் விடியலில் மடத்துக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டார், மோட்டார் பார்த்தார், வாசல் கூட்டினார். சிஸ்டர்கள் மகிழ்ந்தார்கள், அவர் காலைச் செபத்தில் கலந்துகொள்ளும்வரை.

“டீயில சீனியைக் கண்ணுல காட்டாதவுகளுக்காக மன்றாடுவோம்.”

சீனி கூடியது. மகள் மடத்துக்குப் போயாச்சா என்று கேட்டவர்களிடம், “எங்க வீட்டுல ஒரு ஆளு போகணும்னு இருந்துச்சு, போயாச்சு” என்பார். கிளாரா படித்து, கறுப்புக் கோட்டு மாட்டி, கோர்ட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அருளப்பனின் அடக்கம் முடிந்த மறுநாள் கிளாரா மடத்துத் தலைவி ஜெபஷீலாவைப் பார்க்கப் போனாள்.

“அப்பா இங்கன எனக்காக மன்றாடுனாகளா, சிஸ்டர்?”

“தினமும். உங்கம்மாகிட்ட உன் கேஸு விவரத்தையெல்லாம் கேட்டுக்கிட்டு வந்துருவாக.”

“நான் பொய் சொல்லக் கூடாதுன்னா?”

ஜெபஷீலா சன்னலைப் பார்த்தார். “எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தொண்டை கட்டணும்னு. போன மாசம் அந்தக் கிணத்துக் கேஸுக்கு நாங்க அத்தனை பேரும் பதில் சொன்னோம். அது என்னாச்சு?”

“ஜெயிச்சிட்டேன் சிஸ்டர். அவர் அன்னைக்குப் பேச முடியாமத் தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தாரு.”

ஜெபஷீலா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “சனிக்கிழமை சாமியார் வந்தா, மடம் பூரா பாவசங்கீர்த்தனம் பண்ணணும்.”