ரிசல்ட் வரும்வரைக்கும்

வெள்ளவத்தையில் அந்தப் புடவைக் கடைக்கு ஆள் எடுப்பவர் அவர்தான் என்றார்கள். நரைக்கத் தொடங்கிய பின்னல், ஒட்டிய கன்னம். கதைக்கும்போதும் சாரி மடிப்பதை நிறுத்தமாட்டார்.

என் மகள் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை எழுதி முடித்திருந்தாள். கணவர் விழுந்து காலை முறித்துக்கொண்டு வீட்டில் இருந்தார். மகளுக்கும் ஒரு சம்பளம் வந்தால்தான் சமாளிக்கலாம் என்ற நிலை. அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன் நின்றேன்.

"பிள்ளை நல்லாப் படிக்குமோ?"

"ஓம் மிஸ், வகுப்பில முதலாம் பிள்ளை," என்றேன் பெருமையாக.

"அப்ப வேண்டாம் அக்கா. கூட்டிக்கொண்டு போங்கோ."

"ரிசல்ட் வரும்வரைக்கும்தானே மிஸ்," என்று கெஞ்சினேன்.

அவருடைய கை நின்றது. "நானும் அப்பிடிச் சொல்லித்தான் இஞ்ச வந்தனான்."

"ரிசல்ட் சரிவரேல்லையோ?"

"எல்லாம் ஏ. என்ர சம்பளத்தைக் கைவிட வீட்டில ஒருத்தருக்கும் மனம் வரேல்ல."

பிறகு மகளைப் பார்த்தார். "நாளைக்கு வா பிள்ளை. ரிசல்ட் வந்த அண்டைக்கு நானே கலைச்சு விடுவன்."

அப்படியே செய்தார். நல்ல ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் இனிப்பு ரொபி கொண்டுபோனவளிடம், "இனி வேலை எண்டு வந்தியோ, அடிதான்! பள்ளிக்கூடத்துக்கு ஓடு," என்றாராம். கடையே சிரித்ததாம்.

மகளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அந்த வயதில் அவரை அப்படி விரட்டிவிட ஒருவரும் இருக்கவில்லையே.