கருட சேவைக்கு வந்த சபைத் தட்டுகள்

கருட சேவைக்கு இன்னும் இரண்டே நாள். காலையில் காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரம் பார்த்து நவமணியிடமிருந்து போன்.

"சார், தட்டுல பூஞ்ச புடிச்சிக்கினு இருக்குது. எண்ணூறும் போச்சு சார்."

காபி ஆறிப்போனது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

நவமணியை உங்களில் சிலருக்கு ஏற்கெனவே தெரியும். இதே பத்தியில் முன்பொரு முறை அவரைப் பற்றி உருகி உருகி எழுதியவன் நான்தான். தாமல் பக்கத்துப் பெண்மணி. நாற்பது வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். நவமணி பல வருஷம் ஒரு தொழிற்சாலைக்கு கம்பெனி பஸ்ஸில் போய் வந்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பாக்குமட்டைத் தட்டு செய்ய ஆரம்பித்தார். காய்ந்து விழுந்த மட்டையை ஊறவைத்து, கழுவி, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. ரசாயனம் கிடையாது. பிளாஸ்டிக் கிடையாது.

ஆனால் அந்த ஷெட்டில் முதலில் வந்தது மெஷின் இல்லை. பாத்ரூம்!

"கம்பெனில பாத்ரூம் போவணும்னா கை தூக்கிக்கினு நிக்கணும் சார், ஸ்கூல் புள்ள மாதிரி. எங்கிட்ட வேலை செய்யறவங்க யாரும் அப்படி நிக்கக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்று ஒருமுறை சொன்னார். அவரிடம் வேலை செய்வது மூன்று பெண்கள். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு வருவார்கள், பிள்ளைகள் திரும்புவதற்குள் போய்விடுவார்கள். எவ்வளவு பெரிய ஆர்டர் வந்தாலும் அந்த நேரம் மாறாது.

சரி, எண்ணூறு தட்டு யாருக்கு? சின்ன காஞ்சிபுரம் சௌரிராஜன் சாருக்கு. ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார். வருஷா வருஷம் கருட சேவை அன்று, விடியற்காலையிலேயே வெளியூரிலிருந்து வந்து குவியும் ஜனங்களுக்குத் தெருக்காரர்களோடு சேர்ந்து புளியோதரையும் தயிர் சாதமும் கொடுப்பவர். போன வருஷம் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டில் கொடுத்தார்கள். மறுநாள் தெருமுனையில் தட்டுகள் மலை மாதிரி கிடக்க, நாலு மாடுகள் அதை மென்றுகொண்டிருந்தன. மனிதர் ரொம்ப நொந்துபோனார்.

"புண்ணியம் நமக்கு, அஜீர்ணம் மாட்டுக்கா ஸ்வாமி?" என்று என்னைக் கேட்டார்.

நவமணியின் பெயரைச் சொன்னது நான். ஆக, பூஞ்சையில் எனக்கும் பங்கு உண்டு.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஷெட் வாசலில் தட்டுக் கட்டுகளைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார்கள். தட்டுகளில் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. முந்தின வாரம் அடித்த கோடை மழையில் கூரை ஒழுகுமோ என்று பயந்து, நன்றாக உலராத தட்டுகளை அப்படியே ஒரு பெரிய பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கிக் கட்டி மூடியிருக்கிறார் நவமணி. உள்ளேயே வியர்த்து, புழுங்கி... முடிந்தது கதை.

"என் தப்புதான் சார். காய வெக்காம மூடிட்டேன்."

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் மன்னிக்கவும்.

"ஈரத்துணியால நல்லா துடைச்சு, ரெண்டு நாள் வெயில்ல போடுங்க. கூட்டத்துல யார் பார்க்கப் போறாங்க?" என்றேன்.

நவமணி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை.

"சாப்புடறவங்க பாக்க மாட்டாங்க சார். அவங்க வவுறு பாக்கும்ல? கைக்கொழந்தய தூக்கிக்கினு வர்றவங்க எத்தினி பேரு..."

எனக்குத் தலை தானாகக் குனிந்தது. பொறுப்பான தொழில் பற்றி ஒரு பக்கம் எழுதியவன் சொல்கிற யோசனையா இது?

"சார்கிட்ட நேரா போய்ச் சொல்லிடறேன். நீங்க கூட வாங்க, அது போதும்" என்றார். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இந்த ஆர்டர் நல்லபடியாக முடிந்தால் கோயில் தெருக்களில் நாலு வீடு பேசும், நாலு விசேஷம் கிடைக்கும் என்று நம்பியிருந்தவர். இப்போது அதே நாலு வீடு வேறு மாதிரி பேசும். பிறகு யார் கூப்பிடுவார்கள்? அந்த மூன்று பெண்களுக்கு வேலை?

சௌரிராஜன் சார் கூடத்தில் உட்கார்ந்து முந்திரிப் பருப்பு உடைத்துக்கொண்டிருந்தார். நவமணி சுற்றி வளைக்கவில்லை. கறுப்புப் பொட்டு விழுந்த ஒரு தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"எல்லாமே இப்படி ஆயிடுச்சு சார். இதுல சோறு போடக் கூடாது. தப்பு என்னோடதுதான்."

சார் தட்டைத் தூக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"ரெண்டு நாள்ல நான் எங்கம்மா போவேன்? வாழை இலை போட்டா உக்காந்து சாப்பிட இடம் வேணும். இங்க எல்லாரும் நின்னுண்டுன்னா சாப்பிடறா! மறுபடியும் அந்தப் பேப்பர் தட்டுதானா?"

"எங்க சபைல எவர்சில்வர் தட்டு முந்நூறு இருக்குது சார். அறுவடைப் பண்டிகை விருந்துக்கு வாங்குனது. சாப்ட சாப்ட கழுவிக் குடுத்தா எண்ணூறு பேருக்குத் தாராளமா வரும். கழுவற வேலை எங்களுது. இங்க வர்றதுக்கு முன்னாடியே ஐயர்கிட்ட போன்ல கேட்டுட்டேன். எடுத்துக்கோன்னுட்டாரு."

"ஐயரா? எந்த ஐயர்?"

"எங்க சபை ஐயரு சார்."

பாதிரியாரை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். சௌரிராஜன் சாருக்கு இது புரிய அரை நிமிஷம் ஆனது. புரிந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஐயங்கார் ஆத்துப் புளியோதரைக்குச் சபை ஐயர் தட்டா! பேஷ்!"

அப்புறம் சட்டென்று வாத்தியாராகிவிட்டார். "விளிம்பு இருக்கோல்லியோ? தயிர் சாதம் வழியப்படாது. கடைசி அலம்பல் வெந்நீர்ல. இதுல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

நவமணி அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. "வெந்நீர் அண்டா உங்க வூட்ல இருக்குதா சார்?" என்று கேட்டார். காரியக்காரி!

அன்று மதியம் ஷெட்டில் மூன்று பெண்களையும் உட்காரவைத்துப் பேசினார். "இது நம்ம டைம் கெடயாது. விடியக்காத்தால வரணும். சம்பளம் தனியா உண்டு. வர முடியலன்னா ஏன்னு கேக்க மாட்டேன்."

மூவரில் மூத்தவர் கன்னியம்மா. "ஸ்கூல்தான் லீவாச்சே, வர்றோம். ஆனா சாமி வர்றப்ப மட்டும் பத்து நிமிஷம் வுடணும். வருசத்துல ஒரு வாட்டிதான் கருடன் மேல வர்றாரு."

"பத்து இன்னா, இருவது எடுத்துக்கோங்க. நான் பாத்துக்கறேன்."

விடியற்காலை. தெருவே தலைகளாக இருந்தது. சார் வீட்டுப் பக்கத்துச் சந்தில் மூன்று பெரிய டப்புகள். ஒன்றில் முதல் அலசல், ஒன்றில் தேய்ப்பு, கடைசியில் ஆவி பறக்கும் வெந்நீர். ஒட்டியிருந்த சோற்றை வழித்துப் போட ஒரு வாளி. இந்த வருஷம் மாட்டுக்குச் சோறு மட்டும்! கழுவிய தண்ணீரைக் கன்னியம்மா குடம் குடமாகக் கொண்டுபோய்ப் பின்கட்டுத் தென்னைகளுக்கு ஊற்றினார்.

தட்டுகளின் பின்பக்கம் சின்னதாக ஒரு சிலுவையும் சபையின் பெயரும் வெட்டியிருந்தது. வரிசையில் நின்ற ஒருவர் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சார், சிலுவை போட்டிருக்கு?" என்றார்.

சௌரிராஜன் சார் கரண்டியை நிறுத்தவில்லை. "முன்பக்கம் புளியோதரை போட்டிருக்கேன், அதைப் பாரும்!"

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது தூரத்தில் மேளச் சத்தம். குடைகள் தெரிந்தன. கன்னியம்மாவும் மற்ற இருவரும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடினார்கள். தெருக்காரர்களும் ஓடினார்கள். டப்புகளின் நடுவே நவமணி மட்டும்.

பெருமாள் தெருவைக் கடக்கிறவரை பந்தியாவது நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. குழந்தைகளை வைத்திருந்தவர்கள், வயதானவர்கள் எல்லாம் பசியோடு வரிசையிலேயே இருந்தார்கள். சுத்தமான தட்டு தீர்ந்துபோனது. அழுக்குத் தட்டு நவமணியின் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அவர் கை நிற்காமல் ஓடுகிறது, ஆனால் ஒரு ஆள் எத்தனை தேய்க்க முடியும்?

சௌரிராஜன் சார் கரண்டியைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். சந்துக்குள் வந்து நவமணியின் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, முதல் டப்பில் கையை விட்டார்.

"சார்! நீங்க எழுந்துருங்க சார். போய் சாமியப் பாருங்க."

"பெருமாளை எழுபது வருஷமா பார்த்துண்டிருக்கேம்மா. அங்க தட்டு இல்லாம ஜனம் நிக்கறது. நீ தேய், நான் அலம்பறேன்."

அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஸ்வாமி, எழுதறது ஆத்துக்குப் போய் எழுதலாம். அந்த வெந்நீர் டப்பு காலியா இருக்கு."

உட்கார்ந்தேன்! வேறு வழி?

மேளம் தெருமுனையைத் தாண்டிப் போனது. சந்திலிருந்து எங்களுக்குக் குடையின் நுனி மட்டும்தான் தெரிந்தது. சௌரிராஜன் சார் ஈரக்கையை அப்படியே தலைக்கு மேல் கூப்பினார். முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகியது. நவமணி அந்த ஒரு நிமிஷம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, தட்டைச் சத்தமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டார். கும்பிடவில்லை. ஆனால் சார் கும்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

நான் அடுத்த தட்டை வெந்நீரில் முக்கினேன்.

எட்டு மணிக்கு அண்டா காலி. கூட்டம் கலைந்த பிறகு தெருவைப் பார்த்தேன். சார் வீட்டு வாசலில் ஒரு தட்டு... ஒரு துண்டு இல்லை. நவமணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம பாக்குமட்டைத் தட்டா இருந்தாலும் இந்நேரம் எண்ணூறு இங்க கெடந்திருக்கும்ல சார்? மக்கிப் போவும், சரி. ஆனா அது மக்கற வரைக்கும் குப்பதானே?"

தன் சரக்கைத் தானே இப்படிக் கேள்வி கேட்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை. நாம் எல்லாரும் பச்சை நிறத்தில் ஒரு இலைப் படம் போட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். அவர் அதோடு நிற்கவில்லை. இப்போது அந்த ஷெட்டில் பாதி இடத்தில் பாக்குமட்டை, மீதியில் சொந்தமாக வாங்கிய எவர்சில்வர் தட்டுகள். விசேஷங்களுக்கு வாடகைக்குத் தருகிறார். கழுவுகிற ஆட்களோடு.

சபைத் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க எண்ணியபோது முந்நூற்று ஒன்று இருந்தது. கூடுதல் தட்டில் 'முனியம்மா, தாமல்' என்று வெட்டியிருந்தது. பேப்பர் தட்டில் நம்பிக்கை இல்லாத ஒரு அம்மா வீட்டிலிருந்து தன் தட்டையே கொண்டுவந்து, சாப்பிட்டுவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகக் கழுவப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்!

தாமலில் எத்தனை முனியம்மா? நவமணி மூன்று முனியம்மாக்களைப் பார்த்து, நாலாவது முனியம்மாவிடம் தட்டைச் சேர்த்தார்.

"ஒத்த தட்டுக்கு இம்மாந்தூரம் வந்தியா நீ?" என்று வாயைப் பிளந்த முனியம்மா, கையோடு தன் பேரப்பிள்ளையின் காதுகுத்துக்கு இருநூறு எவர்சில்வர் தட்டு வாடகைக்குச் சொல்லிவிட்டார்.

அந்தக் காதுகுத்துக்கு எனக்கும் அழைப்பு. சாப்பிட்டு முடித்ததும் நூறு தட்டாவது நான் கழுவித் தருகிறேன் என்று நவமணியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படித்துப் பார்த்த என் மனைவி கேட்கிறாள்: "அதுக்கு ஏன் தாமல் வரைக்கும் போகணும்?"