பூனைக்கு வைத்த கைப்பிடி

என் அண்ணியோடு ஒரே வீட்டில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் சமையலறைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு யாரும் வந்துவிட முடியாது. அது தானாகவே வந்து சாத்திக்கொள்ளும். அலமாரியும் அப்படித்தான், குளியலறையும் அப்படித்தான். கீலில் என்னத்தையோ செய்து வைத்திருக்கிறார்.

"ரெண்டு கையிலயும் தட்டு வெச்சுக்கிட்டு நான் எப்படி அண்ணி வர்றது?" என்று கத்தினால், "முழங்கை எதுக்கு இருக்கு தம்பி? தள்ளிக்கிட்டு வாங்க" என்று பதில் வரும்.

அண்ணிக்கு இரும்புக் கதவு செய்கிற பட்டறையில் வேலை. தீத்தடுப்புக் கதவுகளை யோசித்து, வரைந்து, செய்து பார்ப்பவர் அவர்தான். ஒரு அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் போகவிடாமல் அடைத்து நிற்கிற கதவுகள். அதில் அவருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. கரண்டை நம்பி எதையும் செய்ய மாட்டார். "தீப்பிடிச்சா மொதல்ல ஓடிப்போறது கரண்டுதான். ஓடிப்போறவன் கையில யாராவது சாவியைக் குடுப்பாங்களா?" என்பார்.

நானும் அண்ணனும் வேலை பார்ப்பது ஒரு மெத்தைத் தொழிற்சாலையில். நான் தையல் கூடத்து மேற்பார்வையாளன். அண்ணன் பக்கத்து அறையில், ஃபோம் கிடங்கில் இருக்கிறார். ஃபோம் பற்றிக்கொண்டால் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அந்தக் கரும்புகையில் நாலு மூச்சு இழுத்தால் ஆள் காலி. லாரி ஷட்டர் வெளியிலிருந்து பூட்டியே கிடக்கும். கிடங்கிலிருந்து வெளியே வர எங்கள் கூடத்துக்குள் திறக்கிற வாசல் ஒன்றுதான் வழி. போதாக்குறைக்கு பழைய விபத்தில் அண்ணனின் வலது கைக்குப் பலம் போனது. சட்டைப் பொத்தான் போடுவதற்கு மேல் அதற்குத் தெம்பில்லை.

அந்த வாசலுக்குத் தீக்கதவு செய்யும் வேலை அண்ணியின் பட்டறைக்கு வந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய்யில்லை.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பட்டன்'. எதுவானாலும் அவருக்கு அமுக்குவதற்கு ஒரு பட்டன் வேண்டும். மோட்டார் வைத்த ஷட்டர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அண்ணி ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். வாசலுக்கு மேலே சரிவாக ஒரு தண்டவாளம். அதில் சக்கரம் வைத்துத் தொங்கும் இரும்புக் கதவு. சரிவில் உருண்டு மூடிக்கொள்ளத்தான் அது எப்போதும் பார்க்கும். அதை மேட்டுப் பக்கம் இழுத்துக் கட்டி வைப்பது ஒரு கம்பிக்கயிறு. கயிற்றின் நடுவே, கூரையை ஒட்டி, ஈயத்தால் ஒட்டிய இரண்டு சின்னத் தகடுகள். சூடு ஏறினால் ஈயம் உருகும், தகடு பிரியும், கதவு உருண்டு வந்து மூடும்.

"அவ்வளவுதானா?" என்றார் பட்டன், ஏமாற்றத்தோடு. "சரி, அந்தச் சரிவையாவது கூட்டுங்க. டமால்னு சாத்தட்டும்."

"டமால்னு சாத்துற கதவை உள்ள மாட்டிக்கிட்டவன் திறக்க முடியாது சார்."

சண்டையே அங்கேதான். சரிவு கூடினால் கதவு கட்டாயம் மூடும். ஆனால் திறக்க ஒரு பயில்வான் வேண்டும். சரிவு குறைந்தால் யாரும் தள்ளித் திறக்கலாம். ஆனால் எங்கள் கூடத்தில் பறக்கிற பஞ்சு தண்டவாளத்தில் படிந்து, கதவு பாதியில் நின்றுபோகும். பாதி மூடிய தீக்கதவால் யாருக்கு என்ன லாபம்?

ஒரு நாள் அண்ணி, மதியச் சாப்பாட்டுக்குப் பட்டறைக்கு வரச்சொல்லி அண்ணனுக்கு ஆசையாகச் சொல்லியனுப்பினார். அண்ணன் தலைக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். சாப்பாடு மூடியபடியே இருந்தது. கதவுதான் காத்துக்கொண்டிருந்தது.

"இடது கையால தள்ளுங்க," என்றார் அண்ணி. அண்ணன் தள்ளினார். அண்ணி சரிவைக் கொஞ்சம் இறக்கினார். மறுபடி தள்ளச் சொன்னார். வியர்த்து ஊற்றிய பிறகு, "இப்ப முட்டி போட்டுத் தள்ளுங்க" என்றார்.

"ஊர்ல எவன்டா இப்படிப் பொண்டாட்டி முன்னாடி முட்டி போட்டிருக்கான்?" என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார். போட்டார் என்பது வேறு விஷயம். அப்போதுதான் அவர் கவனித்தார். கதவில் வழக்கமான கைப்பிடிக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் இன்னொன்று இருந்தது. "இது யாருக்கு? பூனைக்கா?"

"புகை மேல நிக்கும். ஆளு தவழ்ந்துதான் வருவான்," என்றார் அண்ணி. சிரிக்கவில்லை.

கடைசியில், முட்டி போட்டு இடது கையால் அண்ணன் தள்ளித் திறந்த சரிவிலேயே தண்டவாளத்தை நிறுத்தினார். அந்தச் சரிவிலும் கதவு நிற்காமல் ஓடப் பெரிய சக்கரங்கள் போட்டார். சக்கரத்துக்கு முன்னால் சின்னத் தூரிகை ஒன்றைக் கட்டி, தண்டவாளம் முழுக்கப் பஞ்சைத் தூவி ஓட்டிப் பார்த்தார். தூரிகை பெருக்கிக்கொண்டே போக, கதவு சாவதானமாக வந்து மூடியது. அந்த மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது. போட்டால் அண்ணிக்குத் தலைக்கேறிவிடும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

கதவை மாட்டி ஒரு வாரம் ஆகியிருக்காது, பார்க்க வந்த அண்ணி ருத்ரதாண்டவம் ஆடினார். வாசலின் நடுவிலேயே ஃபோம் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். "ஒரு நிமிஷம்தான் மேடம்" என்றார்கள். பட்டன் எச்சரிக்கைப் பலகை மாட்டினார். அதற்கு முன்னாலும் அடுக்கினார்கள்.

அண்ணி அன்று முழுக்க என் கூடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். எங்கள் தையல்காரப் பெண்களுக்குத் தலையெல்லாம் பஞ்சு அப்பிக்கிடக்கும். டீக்குப் போகும்போதும் சாப்பிடப் போகும்போதும் ஒருத்தி தலையை இன்னொருத்தி தட்டிவிட்டுக்கொண்டு போவார்கள். மறுநாள் அண்ணி ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். கதவு திறந்திருக்கும்போது எந்தச் சுவரை மறைத்து நிற்குமோ, அந்தச் சுவரில் பதித்துவிட்டார்.

அவ்வளவுதான். கண்ணாடி பார்க்க வேண்டுமென்றால் கயிற்றின் கொக்கியைக் கழற்றிக் கதவை ஓடவிட வேண்டும். கதவு ஓட வேண்டுமென்றால் வாசல் காலியாக இருக்க வேண்டும். அதன்பிறகு வாசலில் ஒரு கட்டு இருந்தால் போதும், "எவன்டா கண்ணாடியை அடைச்சது?" என்று கூடமே கிளம்பிவிடும். கட்டு கிடங்குக்குள் பறந்து விழும். எங்கள் பெண்களுக்கு இருந்த அதிகாரம் பட்டனுக்கே கிடையாது. அண்ணனும் வேலை முடிந்ததும் கடைசி ஆளாக நின்று தலைவாரி, இடது கையால் கதவை மேட்டுக்குத் தள்ளிக் கொக்கி மாட்டிவிட்டுத்தான் வருவார்.

தீப்பிடித்தது சாப்பாட்டு இடைவேளை முடிந்து எல்லோரும் தைக்க உட்கார்ந்த நேரத்தில். கிடங்கின் ஓரத்து மின்பெட்டியில் படபடவென்று சத்தம். விளக்கும் மின்விசிறியும் தையல் இயந்திரங்களும் ஒன்றாக நின்றன. திரும்பிப் பார்த்தேன். கிடங்கின் கூரையெல்லாம் கறுப்பு. கதவு தன்பாட்டுக்கு உருண்டு வந்து மூடியது. எங்கள் பெண்கள் வரிசையாக வெளியே ஓடினார்கள்.

அண்ணன் உள்ளே இருந்தார்.

அண்ணி செய்த கதவு அண்ணனையே அடைத்துவிட்டதே என்று ஒரு கணம் அண்ணியைத் திட்டியே விட்டேன். கதவை நோக்கி ஓடினேன். நான் தொடுவதற்குள் அது அசைந்தது. ஒரு சாண், இரண்டு சாண். தரையோடு தரையாகப் புகை வந்தது, அதன் பின்னாலேயே அண்ணனின் தலை வந்தது. சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். எங்களுக்குப் பின்னால் கதவு மறுபடி உருண்டு மூடிக்கொண்டது. கிடங்கு கரியானது. கூடத்தில் ஒரு மெத்தைகூடக் கருகவில்லை.

அண்ணி ஓடி வந்தபோது அண்ணன் தெருவோரத்தில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் அண்ணனை நன்றாகத் திட்டினார். பிறகு குரல் இறங்கி, "எந்தக் கைப்பிடி?" என்று கேட்டார்.

"பூனைக்கு வெச்சது."

அண்ணன் இடது உள்ளங்கையை விரித்தார். குறுக்கே கைப்பிடியின் தடம் அப்படியே வெந்து கொப்பளித்திருந்தது. அண்ணி அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, தெருவென்றும் பார்க்காமல் அழுதார். "இரும்புல வெச்சுட்டேனே. சூடாகும்னு தோணவே இல்லையே எனக்கு. கட்டையில வெச்சிருக்கணும்."

"சுட்டா சுட்டுட்டுப் போகட்டும்," என்றார் அண்ணன். "திறந்துச்சுல்ல?"