கொலின்சைக் கிணத்துக்குள்ள இறக்கின நாள்

என்ர மனுசன் கொலின்சுக்கு ஒரு இடத்தில அடங்கி இருக்கத் தெரியாது. கலியாண வீடெண்டால் பந்தல் போடுறதும் அந்தாள்தான், முதல் ஆளா நிண்டு ஆடுறதும் அந்தாள்தான். அளம்பில் கரையில காத்துச் சிலிண்டரை முதுகில கட்டிக்கொண்டு, கடலடியில கடலட்டை பொறுக்கச் சுழியோடப் போனதும் அந்தத் துடியாட்டத்திலதான்.

மேல வந்தாப்பிறகு மூட்டு உளைஞ்சால் சுழியோடுற ஆக்களுக்கு ஒரே வைத்தியம், அடுத்த நாள் காலமை திரும்ப இறங்கிறது. அடிக்குப் போக உளைவு விட்டிடுமாம். அதை ஒரு நோய் வருத்தமெண்டு ஆரும் எண்ணினதே இல்லை.

தொண்ணூற்றைஞ்சு சித்திரை. சண்டை நிண்டு, கடல் திறந்திருந்த நேரம். நல்ல ஆழத்தில நிண்டவர், காத்து முடியுதெண்டு ஒரே வீச்சில மேல வந்திட்டார். "கால் விறைக்குது மச்சான்" எண்டிருக்கிறார். படகு ஓட்டினது என்ர அண்ணை இராயப்பு. உடனே திரும்ப இறக்குவமெண்டால் மற்றச் சிலிண்டரும் வெறுமை. "பரவாயில்லை, காலமை இறங்கினாச் சரிவரும்" எண்டு சிரிச்சுக்கொண்டு வந்த மனுசன், கரையில கால் வைச்ச உடன மடிஞ்சு விழுந்தார்.

விடிய எழும்பினால், சண்டை திரும்பத் துவங்கிட்டுதாம். படகைக் கண்டால் நேவி சுடும், ஒருத்தரும் கடலுக்குப் போகேலாது. இவருக்கு இடுப்புக்குக் கீழ நுள்ளினாலும் தெரியேல்லை. லாண்ட்மாஸ்ரர் உழவு மிசினில ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினம்.

டொக்டர் நல்ல மனுசன், பொய் சொல்லேல்லை. "கெதியா மேல வந்ததால இரத்தத்துக்க காத்துக் குமிழி கட்டிட்டுது. ஆளை உள்ளுக்க விட்டு அமுக்கம் குடுக்கிற பெட்டி வேணும். அது இஞ்ச இல்லை. இருக்கிற இடத்துக்குப் போகப் பாதையும் பூட்டு."

எனக்கு வந்த விசருக்கு ஆரைப் பேசிறது? "பிறகென்னத்துக்கு எனக்கு விளங்கப்படுத்திறியள்?" எண்டு அந்தப் பாவம் மனுசனிலதான் பாய்ஞ்சன்.

வீட்டை வந்து பாயில கிடந்துகொண்டு இவர் ஒரே நச்சரிப்பு. "என்னைத் தண்ணிக்குள்ள இறக்குங்கோ. கிணத்துக்குள்ளயெண்டாலும் இறக்குங்கோ." எங்கட கிணத்தில நெஞ்சளவு தண்ணி. அந்த ஆழம் காணாதெண்டு அந்தாளுக்குத் தெரியாதே? என்னைவிட நல்லாத் தெரியும். ஆனாலும் அந்த முகத்தைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு. கதிரையில இருத்தி, படகுக் கயிறு போட்டுக் கட்டி, பக்கத்து வீட்டு ஆக்களையும் கூப்பிட்டு இறக்கினம். அண்ணை முன்னமே உள்ளுக்க இறங்கி நிண்டு, இவருக்குக் கழுத்தளவு தண்ணி வரக் கதிரையோட தாங்கிப் பிடிச்சார்.

கொஞ்ச நேரத்தால இவர் கீழயிருந்து கத்தினார். "இஞ்ச பார் யூலியானா, கால் ஆடுது!"

எட்டிப் பாத்தன். தெளிஞ்ச தண்ணி. ரெண்டு காலும் ஆடினதுதான். அண்ணை அசைய, தண்ணி அசைஞ்சுது. தண்ணியோட காலும் அசைஞ்சுது. அண்ணை நிமிர்ந்து என்னைப் பாத்தார்.

"ஓமப்பா, ஆடுது" எண்டன்.

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கோ. மேல தூக்கிப்போடாதேங்கோ."

பொழுதுபடுமட்டும் ஒருத்தரும் கயித்தை இழுக்கேல்லை. எப்பிடி இழுக்கிறது?